பதிவில் கேட்கும் குரல் யாருடையது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒலிப்பதிவுகளில் இறந்தவர்களின் குரல் கேட்பதாகச் சொல்லப்படுவது குறித்து வாசகர்கள் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பலர் தங்கள் வீட்டுத் துக்கத்தைப் பகிர்ந்துகொண்டு எழுதியிருப்பதால் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

*என் தந்தையார் காலமாகிச் சில மாதங்கள் ஆகின்றன. கடைசி நாட்களில் அவர் படுத்திருந்த அறையில் ஓர் இரவு செல்பேசியைப் பதிவில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தி வைத்தோம். மறுநாள் கேட்டால், ஓரிடத்தில் ‘தண்ணி கொடு’ என்று அவர் குரல் கேட்கிறது. அம்மா, தம்பி, தம்பி மனைவி எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கிறது. பதிவை அனுப்பியிருக்கிறேன். இது அப்பாவின் குரல்தானா?*
– வாசகி, கும்பகோணம்

நீங்கள் குறித்து அனுப்பிய சில நொடிகளோடு நிறுத்தாமல், இரவு முழுவதற்குமான கோப்பையும் ஹெட்போனில் கேட்டேன்; ஸ்பெக்ட்ரோகிராமாகவும் விரித்துப் பார்த்தேன். ஸ்பெக்ட்ரோகிராம் என்பது ஒலியைப் படமாகக் காட்டும் முறை. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், ஒலியின் வலிமைக்கேற்ப நிறத்தின் அடர்த்தி என்று அது அமைந்திருக்கும். மனிதக் குரலுக்கு இதில் தெளிவான அடையாளங்கள் உண்டு. ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் எழும். வாயும் நாக்கும் அசைவதற்கேற்ப அக்கோடுகளில் சில பட்டைகள் மட்டும் வலுத்து மேலும் கீழும் நகரும். ‘தண்ணி’ என்னும்போது, ணகர மெய் ஒலிக்கும் நேரத்தில் வாய்வழி அடைபட்டுக் காற்று மூக்கு வழியே செல்வதால், மேற்பட்டைகள் மங்கி அடியில் ஒரு பட்டை மட்டும் நீடிக்க வேண்டும். ‘கொடு’வின் ககரத்துக்கு முன்பு ஒரு கணம் ஒலி நின்று பிறகு வெடிக்க வேண்டும்.

தங்கள் பதிவில் அந்த இடத்தில் இவை எவையும் இல்லை. இருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகள். முதலாவது, செங்குத்தாக விழும் மூன்று கீற்றுகள். இதே மூன்று கீற்றுகள் கோப்பின் தொடக்கத்திலிருந்து விடியும்வரை மாறாத இடைவெளியில் வந்துகொண்டே இருக்கின்றன. மின்விசிறி ஓடியதாகவும் செல்பேசியை மரக்கட்டிலின் மேல் வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்; விசிறி ஆடும்போது எழும் கிறீச்சொலி, சுவர் வழியாகவும் கட்டிலின் மரம் வழியாகவும் மைக்கை வந்தடைந்திருக்கிறது. இரண்டாவது, தெருவில் கடந்து சென்ற ஒரு வண்டியின் எஞ்சின் ஒலி. அதன் கோடுகள் ‘தண்ணி கொடு’வுக்குப் பல நொடிகள் முன்பே தொடங்கி, மெல்லச் சரிந்து, அதற்குப் பிறகும் நீள்கின்றன. எஞ்சினின் முழக்கம் குரலின் கார்வையையும், விசிறியின் கிறீச்சொலி மெய்யெழுத்துகளின் வெட்டையும் தந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த அந்த ஓரிடத்தில் மட்டும் பேச்சுப் போல ஒலிக்கிறது. எங்கள் அலுவலகத்தில் சிலரிடம் எதுவும் சொல்லாமல் அந்தத் துண்டைக் கொடுத்து, கேட்டதை எழுதச் சொன்னேன். ஒருவர் ‘என்ன கேடு’ என்று எழுதினார். இன்னொருவர் கதவு திறக்கும் சத்தம் என்றார். ‘தண்ணி’ என்று எவரும் எழுதவில்லை.

ஆகவே இது தங்கள் தந்தையாரின் குரல் அன்று என்பதே என் முடிவு. அதற்காக நீங்கள் நால்வரும் பொய்யாக எதையும் கற்பித்துக்கொண்டதாக நான் கருதவில்லை. கடைசி வாரங்களில் இரவில் பலமுறை எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்ததாகத் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தூக்கத்திலும் எதிர்பார்த்துப் பழகிய காதுகள் உங்களுடையவை. இந்த முடிவை அம்மாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பது உங்களுக்குத்தான் தெரியும். சொல்லியே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்த மாட்டேன்.

*ஒருவருக்குப் பிரமை என்றால் ஏற்றுக்கொள்ளலாம். ஒரு குடும்பமே ஒரே சொல்லைக் கேட்பது எப்படிப் பிரமையாகும்?*
– வாசகர், திருநெல்வேலி

இந்த ஆய்வின் முழுச் சிக்கலும் தங்கள் கேள்வியில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே சொல் கேட்டது என்றால், அந்த எல்லோரிடமும் முதலில் என்ன சொல்லப்பட்டது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒருவர்தான் முதலில் கேட்கிறார். பிறகு மற்றவரைக் கூப்பிட்டு, ‘இந்த இடத்தில் போகாதே என்கிறது, கேளுங்கள்’ என்று போட்டுக் காட்டுகிறார். அந்த நொடியிலேயே இரண்டாமவருடைய சாட்சியம் பயனற்றதாகிவிடுகிறது. மங்கலான ஒலியில் எந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்று தெரிந்த காது, பெரும்பாலும் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த பிறகு அதைக் கேட்காமல் இருப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

இது வெறும் ஊகமன்று. 1936இல் அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், உயிரொலிகளை மட்டும் கோத்து மங்கலாகப் பதிவுசெய்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, என்ன கேட்கிறது என்று வினவினார். பொருளே இல்லாத அந்த ஒலிகளில் மக்கள் முழுச் சொற்களையும் தொடர்களையும் கேட்டார்கள், அவரவர் மனத்தில் இருந்தவற்றை. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற ஆய்வாளர், பதிவுசெய்த ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடு ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமல் ஒலியை வைத்தார். கேட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் சொல் முழுமையாக இருப்பதாகவே சொன்னார்கள். இல்லாத ஒலியை மூளை இட்டு நிரப்பிக்கொண்டது. 1981இல் ராபர்ட் ரெமெஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு வாக்கியத்தை மூன்றே மூன்று சீழ்க்கை போன்ற ஒலிகளாகச் சுருக்கி ஒலிக்கவிட்டார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் பெரும்பாலோருக்கு அது விசித்திரமான மின்னணு ஓசையாகவே பட்டது. கணினி பேசுவதாகச் சொல்லப்பட்டவர்களில் பலரோ அதே ஓசையிலிருந்து வாக்கியத்தைப் பிரித்தறிந்தார்கள். கேட்பவருக்கு முன்கூட்டியே தரப்படும் ஒரு குறிப்பு எவ்வளவு செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

எதிர்பார்ப்பு மட்டுமே போதும் என்பதற்கும் சோதனை உண்டு. 2001இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், வெறும் இரைச்சலை ஒலிக்கவிட்டு, புகழ்பெற்ற ஒரு கிறிஸ்துமஸ் பாடல் இடையே மெல்லக் கேட்கலாம், கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். அந்த இரைச்சலில் பாடல் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ஆயினும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பொத்தானை அழுத்தினார்கள். அவர்கள் அனைவரும் நல்ல மனநலத்தோடு இருந்த கல்லூரி மாணவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இன்னும் நேரடியாக, 2015இல் மைக்கேல் நீஸும் சார்லட் பிலிப்ஸும், அமானுஷ்ய ஆய்வாளர்கள் சேகரித்த பதிவுகளையே எடுத்துச் சோதித்தார்கள். இது அமானுஷ்ய ஆய்வு என்று சொல்லப்பட்ட குழுவினர், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிட அடிக்கடி ‘குரல் கேட்கிறது’ என்றார்கள். ஆனால் அக்குரல் என்ன சொல்கிறது என்று கேட்டபோது அவர்களுக்குள் ஒற்றுமை மிகக் குறைவாக இருந்தது.

ஆகவே வீட்டில் சோதிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படும் துண்டோடு, அதே பதிவின் வேறு இடங்களிலிருந்து கண்டபடி வெட்டிய சில துண்டுகளையும் கலந்து, உங்கள் வீட்டு நிலவரம் தெரியாத நண்பர்களிடம் தனித்தனியே கொடுங்கள். என்ன கேட்கிறது என்று ஒவ்வொருவரும் முதலில் எழுதித் தரட்டும். எழுதி முடிக்கும்வரை ஒரு சொல்லும் பேசக் கூடாது. ‘எதுவும் கேட்கவில்லை’ என்று எழுதுவதும் சரியான விடையே என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

*இந்த ஆய்வை முதலில் தொடங்கியவர் யார்? எடிசன் இறந்தவர்களோடு பேச ஒரு கருவி செய்தார் என்பது உண்மையா?*
– வாசகர், யாழ்ப்பாணம்

எடிசன் 1920இல் பத்திரிகைப் பேட்டிகளில், மனித ஆளுமை இறப்புக்குப் பிறகும் எஞ்சியிருக்குமானால் அது தன்னை வெளிப்படுத்த உதவும் நுட்பமான கருவி ஒன்றை உருவாக்க முயல்வதாகச் சொன்னது உண்மை. அப்படியொரு கருவி அவர் மறைவுக்குப் பின் எங்கும் கிடைக்கவில்லை.

இன்று பேசப்படும் வகையிலான முயற்சிகள் ஒலிநாடா வந்த பிறகே தொடங்கின. அமெரிக்காவில் அட்டிலா வான் சாலே என்பவர் ரேமண்ட் பேலிஸுடன் சேர்ந்து 1950களின் நடுப்பகுதியில் நாடாவில் இவ்வகைக் குரல்களைப் பதிவுசெய்ததாக அறிவித்தார். ஆனால் உலகம் கவனித்தது ஃபிரெட்ரிக் யூர்கன்சனைத்தான். ஓவியரும் பாடகரும் ஆவணப்பட இயக்குநருமான அவர், 1959ஆம் ஆண்டுக் கோடையில் சுவீடனில் மொல்ன்போ என்ற ஊரிலிருந்த தம் நாட்டுப்புற வீட்டில் பறவைகளின் பாடலைப் பதிவுசெய்தார். திரும்பக் கேட்டபோது, நார்வே மொழியில் ஒரு ஆண் குரல் இரவுப் பறவைகளின் பாடலைப் பற்றிப் பேசுவதாக அவருக்குக் கேட்டது. முதலில் அதை வானொலி ஒலிபரப்பு என்றே அவர் எண்ணினார். பின்னாளில் தம் தாயின் குரலும் பதிவில் தம்மைப் பெயர் சொல்லி அழைப்பதாகக் கேட்ட பிறகு, தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார். அவர் நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய முதல் எண்ணத்தை அவ்வளவு விரைவில் கைவிட்டிருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

1960களின் நடுவில் அவரைச் சந்தித்த லாட்வியரான கான்ஸ்டன்டின் ரவுதிவே, ஜெர்மனியில் இருந்தபடி பல்லாயிரக்கணக்கான குரல் துண்டுகளைச் சேகரித்து, 1968இல் நூலாக வெளியிட்டார். அக்குரல்களுக்கு ஒரு விசித்திரமான இயல்பு இருந்தது. ஒரே சிறு தொடரில் லாட்வியன், ஜெர்மன், சுவீடிஷ், ரஷ்யன் என்று பல மொழிச் சொற்கள் கலந்து வந்தன. இலக்கணமும் சரியாக இல்லை. இறந்தவர்களின் மொழி அப்படித்தான் என்றார் அவர். அவை அவர் அறிந்த மொழிகள் என்பதை இங்கே மறக்கக் கூடாது. அவர் கையாண்ட முறைகளில் ஒன்று, வானொலியை இரண்டு நிலையங்களுக்கு நடுவே வைத்துப் பதிவுசெய்வது. மாலையில் வெயில் தாழ்ந்ததும் வளிமண்டலத்தின் மேலடுக்குகளில் நேரும் மாற்றத்தால் மத்திய அலை ஒலிபரப்புகள் பல நூறு கிலோமீட்டர் தாண்டிச் செல்லும். இலங்கை வானொலியைத் தமிழகக் கரையோர ஊர்களில் இரவில் தெளிவாகக் கேட்டவர்களுக்கு இது புதிதன்று; முள்ளை ஒரு மயிரளவு திருப்பினால் சிங்களமும் மலையாளமும் இந்தியும் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டிருக்கும். அன்றைய ஐரோப்பாவின் இரவு வானம் இதைவிட நெரிசலானது. பல மொழிகளின் உடைந்த துண்டுகளை, பல மொழி அறிந்த ஒருவர், பொருளைத் தேடியபடி கேட்டார்.

1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் உதவித்தொகையுடன் டேவிட் எல்லிஸ் என்பவர் ரவுதிவேயின் பதிவுகளை ஆராய்ந்தார். ஏற்கும் மனத்தோடு தொடங்கிய அவர், பெரும்பாலானவை இயல்பான ஒலிகளே, அவற்றுக்குப் பொருள் தருவது கேட்பவரே என்ற முடிவுக்கு வந்தார். 2001இல் கனடாவின் உளவியலாளர் இமான்ட்ஸ் பருஸ், இத்துறையினர் சொல்லும் முறையையே பின்பற்றி வானொலி இரைச்சலை ஏறக்குறைய 60 மணி நேரம் பதிவுசெய்து கேட்டு, இயல்பாக விளக்க முடியாத குரல் எதுவும் கிடைக்கவில்லை என்று வெளியிட்டார்.

*இக்குரல்களை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்களே. ஏ தரக் குரல் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கும் என்கிறார்கள். அதையும் பிரமை என்பீர்களா?*
– வாசகர், சேலம்

இல்லை. ஏ தரக் குரல்கள் பலவும் உண்மையான குரல்களே என்று நான் நம்புகிறேன். அமெரிக்காவில் 1982இல் இதற்கென்று ஒரு சங்கத்தை நிறுவிய சாரா எஸ்டெப் பரப்பிய இந்தத் தரப்பிரிவு, குரல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஹெட்போன் இல்லாமலே புரியும் அளவுக்குத் தெளிவான குரல், உயிரோடிருக்கும் ஒருவருடையதாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அது அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியாக, மாடிப்படியில் பேசுபவராக, பதிவு செய்தவர் தாமறியாமல் முணுமுணுத்ததாக இருக்கலாம். அருகிலுள்ள வலிமையான ஒலிபரப்புக் கோபுரத்தின் அலையைத் தரமற்ற கம்பியும் ஆம்பிளிஃபயரும் சேர்ந்து பேச்சாக மாற்றியதாகவும் இருக்கலாம். பழைய கேசட்டுகளில் முன்பு பதிந்தது முழுதாக அழியாமல் அடியில் எஞ்சியிருப்பதும் உண்டு. தெளிவு கூடக் கூடச் சோதனையும் கடுமையாக வேண்டும்.

*நான் பொறியியல் மாணவன். பாழடைந்த பங்களா ஒன்றில் பதிவு செய்தேன். ஆடாசிட்டி மென்பொருளில் இரைச்சலை நீக்கி, ஒலியைக் கூட்டி, மெதுவாக ஓடவிட்டால் பெண் குரல் தெளிவாகக் கேட்கிறது. அசல் கோப்பில் அவ்வளவு தெளிவில்லை. வேறு எந்த ஃபில்டர் பயன்படுத்தலாம்?*
– வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, இனி எந்த ஃபில்டரும் வேண்டாம். அசல் கோப்பில் இல்லாத தெளிவு ஃபில்டருக்குப் பிறகு வந்தால், அத்தெளிவைத் தந்தது ஃபில்டர்தானா என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரைச்சல் நீக்கும் முறை எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டை மாதிரியாகக் கொடுக்கிறீர்கள். மென்பொருள் அதன் சராசரி அளவை ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் கணக்கிட்டு, அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் அமுக்குகிறது. இரைச்சல் ஒருபோதும் சராசரியிலேயே நிற்பதில்லை; கணத்துக்குக் கணம் அங்கங்கே மேலெழும். அப்படி மேலெழுந்த சிறு சிறு தீவுகள் மட்டும் அமுக்கப்படாமல் எஞ்சி, சுற்றிலும் நிசப்தம் சூழ, சுருதியோடு மினுங்குகின்றன. ஒலிப்பொறியாளர்கள் இதை இசை இரைச்சல் என்பார்கள். அதை இன்னும் பெருக்கி மெதுவாக ஓடவிட்டால், அந்தத் தீவுகள் நீண்டு அசைகளின் நீளத்தை அடைகின்றன. மேற்சுருதியில் மிதப்பதால் அவை பெண் குரலாகவோ குழந்தைக் குரலாகவோதான் பெரும்பாலும் கேட்கும்.

செல்பேசியே இதில் பாதியைத் தானாகச் செய்துவிடுகிறது என்பதும் கவனத்துக்குரியது. அறை அமைதியாக இருந்தால், பல கருவிகளில் ஒலிப்பெருக்கம் தானாகவே கூடி மைக்கின் சொந்த இரைச்சலையே மேலே கொண்டுவரும். ஒரு காலடி கேட்டதும் சட்டென்று இறங்கும். அந்த ஏற்ற இறக்கமே மூச்சு வாங்குவதுபோல் ஒலிக்கும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய குரல் பதிவென்றால், கோப்பைச் சுருக்குவதற்காகப் பேச்சுக்கேற்ப அமைந்த முறையில் ஒலி மாற்றப்பட்டிருக்கும். பேச்சல்லாத மெல்லிய ஒலிகள் அதில் தம் உருவை இழக்கின்றன. எனவே வாட்ஸ்ஆப் வழியாக வந்த கோப்பை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மறுபடி செய்ய விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு ரெக்கார்டர்களை எடுத்துக்கொண்டு, ஒலிப்பெருக்கத்தைக் கைமுறையில் ஒரே அளவில் நிறுத்தி, சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஒன்றை அறைக்குள்ளும் மற்றதைச் சாளரத்துக்கு வெளியேயும் வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால் பின்னர் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். உள்ளே கேட்ட ‘குரல்’ வெளியே இன்னும் உரக்கக் கேட்டால் விடை கிடைத்துவிட்டது. உடன் வந்தவர்கள் கிசுகிசுக்கவே கூடாது. தும்மினாலும் வயிறு இரைந்தாலும் செருப்பு உரசினாலும் உடனே வாய்விட்டு, ‘இது என் செருப்பு’ என்று பதிவில் சொல்லிவிட வேண்டும். பாழடைந்த கட்டடங்களில் கூகையும் மரநாயும் குடியிருக்கும். கூகையின் கத்தலை இரவில் முதன்முறை கேட்பவர் எவரும் அதைப் பறவையின் குரல் என்று எளிதில் நம்பமாட்டார். வீடு திரும்பியதும் அசல் கோப்புகளைத் திருத்தவே இயலாதபடி பூட்டி வைத்துவிட்டு, ஒரு நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பாம்புக்கும் இடிந்து விழும் சுவருக்கும் அஞ்ச வேண்டிய இடங்கள் அவை. உரிமையாளரின் அனுமதியின்றியும் தனியாகவும் இனிச் செல்லாதீர்கள்.

*இணையத்தில் ‘ஆவிப்பெட்டி’ என்ற கருவி வாங்கினேன். கேள்வி கேட்டால் உடனே தமிழில் சொல் வருகிறது. ‘யார் நீ’ என்றால் ‘நான்தான்’ என்கிறது. இதை எப்படி விளக்குவது?*
– வாசகர், மதுரை

அந்தக் கருவி ஒரு வானொலிப்பெட்டி. ஒரு நிலையத்தில் நிற்காமல், நொடிக்குப் பலமுறை அலைவரிசை தாவிக்கொண்டே செல்லும்படி அதை அமைத்திருக்கிறார்கள். 2002இல் அமெரிக்காவில் ஃபிராங்க் சம்ப்ஷன் என்பவர் செய்த கருவியிலிருந்து இவ்வகை பரவியது. மதுரையில் பண்பலை நிலையங்கள் நாள் முழுதும் தமிழில் பேசியும் பாடியும் கொண்டிருக்கையில், அவற்றின் துண்டுகள் தமிழில் வராமல் வேறெப்படி வரும்? ‘நான்’, ‘வா’, ‘இல்லை’, ‘அம்மா’, ‘போ’ போன்றவை தமிழ்ப் பேச்சிலும் பாடலிலும் ஓயாமல் வருபவை; ஏறக்குறைய எந்தக் கேள்விக்கும் விடையாகப் பொருந்துபவை. பொருந்தாத நூறு துண்டுகளை மனம் இரைச்சலென்று தள்ளிவிட்டு, பொருந்திய ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. செல்பேசிச் செயலிகளில் பல, முன்பே சேமித்த சொற்பட்டியலிலிருந்து தாமே ஒன்றை எடுத்து ஒலிப்பவை. அவற்றை ஆராயவே தேவையில்லை.

கருவி உண்மையில் விடை தருகிறதா என்றறிய ஒரு வழி உண்டு. உங்களுக்கு விடை தெரியாத, ஆனால் சரிபார்க்கக்கூடிய கேள்விகளை நண்பர் ஒருவர் தயாரித்து, விடைகளை உறையில் ஒட்டி வைக்கட்டும். உதாரணமாக, அவர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்த பொருள் என்ன என்பது போன்றவை. கேள்வியைக் கேட்காத மூன்றாமவர் ஒருவர் பதிவை மட்டும் கேட்டு, வந்த சொற்களையெல்லாம் ஒன்று விடாமல் எழுதட்டும். எது சரியான விடையாகக் கொள்ளப்படும் என்பதை உறையைப் பிரிப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

*என் மகன் விபத்தில் இறந்துவிட்டான். அவனுடைய குரலைப் பதிவில் வரவழைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். முதலில் கொஞ்சம் பணம் வாங்கினார். ஒரு பதிவு தந்தார். அதில் ‘அம்மா’ என்று கேட்கிறது. முழுதாகப் பேச வைக்க இன்னும் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?*
– வாசகி, விருதுநகர்

வேண்டாம், அம்மா. இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அவர் தந்த பதிவை நான் கேட்டேன். ஒரே இரைச்சலுக்கு நடுவில் ‘அம்மா’ என்று வருவது உண்மைதான். தமிழில் எந்த இரைச்சலிலும் மிக எளிதாகக் கேட்டுவிடக்கூடிய சொல் அது. ஒலி மெல்ல எழுந்து, மூடி, மீண்டும் திறந்தால் போதும். பெற்ற தாய்க்கு அது மகன் குரலாகவே கேட்கும் என்பதை அவர் நன்றாக அறிந்திருக்கிறார். அசல் கோப்பைக் கேட்டபோது அவர் தர மறுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையாகத் தேடுபவர் எவரும் அசலை மறைக்கமாட்டார். தங்கள் துயரத்தின் மேல் ஒருவர் கடை விரித்திருப்பதைப் படித்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. கொடுத்த பணத்துக்கான ரசீதோ வங்கிப் பரிமாற்றமோ வாட்ஸ்ஆப் உரையாடலோ இருந்தால் அழிக்காமல் வைத்து, நம்பிக்கையான உறவினர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இரவில் உறக்கமில்லை, சாப்பிட முடியவில்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கள் மகனின் உண்மையான குரல் எங்கெங்கோ இருக்கக்கூடும். அவர் தங்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பிய வாட்ஸ்ஆப் குரல் பதிவுகள், திருமண வீடியோக்களில் ஓரமாக நின்று பேசியவை, பள்ளி ஆண்டு விழாப் பதிவு, உறவினர் யாரேனும் வைத்திருக்கும் பழைய கேசட் ஆகியவற்றைத் தேடச் சொல்லுங்கள். செல்பேசியை மாற்றும்போதும் வாட்ஸ்ஆப்பை அழித்து மீண்டும் போடும்போதும் இவை தொலைந்துபோகின்றன. ஆகவே நண்பர்களிடம் இந்த வாரமே கேட்டு வாங்கி, கணினியில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக இரு நகல்கள் எடுத்து, இரண்டையும் வெவ்வேறு வீடுகளில் வைக்கச் சொல்லுங்கள். கேசட் கிடைத்தால், பிளேயரில் போடுவதற்கு முன்பு அதன் மேல் விளிம்பின் இரு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிட வேண்டும். அதன் பிறகு யாராவது தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அது பதியாது.